புது ராட்டை பழகும் நாட்களுக்கும் கூலி வேண்டும்!

நூல் நூற்பது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். பஞ்சு இருக்கிறது, ராட்டை இருக்கிறது, சுற்றினால் நூல் வந்து விடும் என்பது அவர்கள் எண்ணம்.

சுற்றிப் பார்த்தால் தெரியும்! முதல் நாள் நூல் வராது, கயிறுதான் வரும். ஓர் இடத்தில் தடிப்பாக இருக்கும். அடுத்த இடத்தில் மயிரிழை போல் இருக்கும். தொட்டால் அறுந்து விடும்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால், சில வேளைகளில் கூடமும் கோணலாகத்தான் இருக்கிறது!

இரண்டே வேலை

நூற்பதில் இரண்டே வேலைகள் உண்டு. பஞ்சை இழுத்து மெல்லியதாக்குவது ஒன்று. அதை முறுக்குவது மற்றொன்று.

பழைய ராட்டையில் ஒரே ஒரு கதிர் உண்டு. வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கை பஞ்சுத் திரியைப் பிடித்து இழுக்கும். வேகமாக இழுத்தால் முறுக்கு ஏறாது, நூல் அறும். மெதுவாக இழுத்தால் முறுக்கு மிஞ்சும். நூல் சுருண்டு கொள்ளும். இந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது.

அம்பர் ராட்டை அப்படி அல்ல. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் அமைத்த ராட்டை அது. அவர் பெயரில் உள்ள "அம்பர்"தான் ராட்டையின் பெயர் ஆயிற்று.

அதில் பஞ்சை இழுப்பது விரல் அல்ல, உருளைகள். பின் உருளை மெதுவாகச் சுழலும். முன் உருளை வேகமாகச் சுழலும். நடுவில் பஞ்சு நீண்டு மெலியும். பிறகு கதிர் அதை முறுக்கும். ஆலையில் நடக்கும் வேலையே இங்கே கையால் நடக்கிறது. நான்கு கதிர் ராட்டை இருந்தது. பிறகு எட்டுக் கதிர் ராட்டையும் வந்தது.

அப்படியானால் பழக என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது! எட்டு இழைகளையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். அறுந்த இழையை உடனே ஒட்ட வேண்டும். உருளையில் சுற்றிய பஞ்சை நீக்க வேண்டும். எண்ணெய் விட வேண்டும். ஒரு கதிரில் பழகிய பாட்டியும் இங்கே புது மாணவிதான்.

ஒரு லட்சம் ரூபாய் பரிசு

1929ம் ஆண்டில் நல்ல ராட்டை செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று காந்தியடிகளின் நூற்போர் சங்கம் அறிவித்தது.

நிபந்தனைகளைப் பாருங்கள்! குடிசையில் வைத்து இயக்க வேண்டும். ஒரு பெண் அதிகச் சிரமம் இல்லாமல் 8 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் 16,000 அடி நூல் வர வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

840 கெஜம் ஒரு சிட்டம். அந்தக் கணக்கில் 16,000 அடி என்பது ஆறு சிட்டத்துக்கு மேல்!

பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால், அந்த நிபந்தனைகளில் ஒரு பாடம் இருக்கிறது. நூல் எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை. நூற்பவளின் உடம்பையும், வீட்டுப் பணத்தையும் சேர்த்து நினைத்தார்கள்.

விஜாபூர் பெண்கள் கேட்டது

கங்காபென் மஜும்தார் என்ற அம்மையார் காந்தியடிகளுக்காக ராட்டை தேடி அலைந்தார். பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த விஜாபூரில் கண்டு பிடித்தார். ராட்டைகள் பரணில் கிடந்தன!

அந்த ஊர்க்காரர்கள் நூற்க மறுக்கவில்லை. இரண்டே கேட்டார்கள். தவறாமல் பஞ்சுத் திரி கொடுங்கள். நூற்ற நூலை வாங்கிக் கொள்ளுங்கள்!

எவ்வளவு நியாயமான பேச்சு! திரி செய்யப் பஞ்சு கொட்டுபவர் வேண்டியிருந்தது. அவர் மாதம் 35 ரூபாய் கேட்டார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. காந்தியடிகள் தயங்காமல் சம்மதித்தார்.

என்ன செய்ய வேண்டும்?

நூற்பவருக்குச் சிட்டக் கணக்கில்தான் கூலி. பழகும் போது சிட்டம் குறைவு; கழிவு அதிகம். ஆகவே, பழகும் நாட்களில் கை நிறைய வேலை, மடி நிறையப் பட்டினி! ஏழைப் பெண் எத்தனை நாள் தாங்குவாள்? "அவளுக்குப் பொறுமை இல்லை" என்று பிறகு பழி சொல்வது சரியா?

எனவே, பழகும் நாட்களுக்குத் தினக்கூலி கொடுக்க வேண்டும். அறுந்த நூலுக்காக அதில் பிடித்தம் செய்யக் கூடாது. திரி வராத நாள் அவள் குற்றம் அல்ல. அதற்கும் வழி செய்ய வேண்டும். ராட்டை பழுதானால் பக்கத்து ஊரிலேயே பார்க்க ஆள் வேண்டும்.

"கூலி கொடுத்துப் பழக்கினால், பழகியதும் போய் விடுவார்களே!" என்று சிலர் கேட்கலாம். போகிறவர்கள் ஏன் போகிறார்கள்? வேறு வேலையில் கூலி கூடுதல் என்பதால்தானே! நூல் கூலி கட்டுபடியானால், வீட்டுத் திண்ணையில் நடக்கும் வேலையை விட்டு யார் போவார்கள்?

தையல் பழகும் பெண்ணுக்குத் துணி கெடும். சமையல் பழகும் பெண்ணுக்குச் சோறு குழையும். அதற்காக வீட்டில் யாரும் சாப்பாட்டை நிறுத்துவதில்லை.

நூல் பழகும் பெண்ணுக்கும் அந்த நியாயம் வேண்டும். கையால் நூற்ற துணியைப் பெருமையாக உடுத்துகிறோம். அந்தக் கைக்கு, முதல் நாளிலிருந்தே கூலி கொடுப்போம்!