எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

‘உனக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்று வாத்தியார் திட்டினால் பிள்ளை சுருண்டுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் திட்டவே வேண்டாம், சாதியை வாசித்தாலே போதும் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு.

உலக வங்கியின் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் செய்து 2004இல் வெளியிட்டது அது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் 642 பேர். ஆதிக்க சாதியினர் பாதி, தலித்துகள் பாதி. சிறுவர் இதழ்களில் ‘முயலுக்கு வழி காட்டுங்கள்’ என்று வருமே, அந்த மாதிரிப் புதிர்கள். போட்டு முடித்தால் காசும் உண்டு. சாதி பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். இன்னொரு குழுவில் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். அங்கே தலித் பையன்கள் போட்டு முடித்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன.

தன் சாதி என்ன என்று ஒவ்வொரு பையனுக்கும் முன்பே தெரிந்திருக்கும். வெளியிலிருந்து வந்த ஒருவர் அதைச் சபையில் உரக்கச் சொன்னதுதான் புதிது. ‘நம்மை எப்படி எடைபோடப் போகிறார்கள்’ என்ற நினைப்பு புகுந்த மண்டையில் புதிருக்கு எங்கே இடம்?

அமெரிக்காவில் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் 1995லேயே கறுப்பின மாணவர்களிடம் இதுபோன்ற ஒன்றைக் கண்டார்கள். ‘இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு’ என்று சொன்னதுமே மதிப்பெண் சரிந்தது. பெண்களையும் கணக்கையும் வைத்துப் பின்னாளில் நடந்த சில பெரிய சோதனைகளில் இந்த விளைவு அவ்வளவாகத் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், நம் வகுப்பறை உத்தரப் பிரதேசத்துக்குத்தான் பக்கம்.

உதவித்தொகைப் படிவம் வந்ததும் ‘எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரி’ என்கிற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். சொன்ன ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். அடுத்த மணி அடித்தால் கணக்குப் பரீட்சை. அதில் குறைந்துபோன மதிப்பெண் யார் கணக்கில் ஏறியது? ‘அவங்களுக்கு அவ்வளவுதான் வரும்’ என்ற பழைய தீர்ப்புக்கே அதுவும் சாட்சியானது.

நாங்குநேரியில் 2023இல் ஒரு தலித் மாணவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்டது நீதிபதி கே.சந்துரு குழு. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைச் சொல்லி மாணவரை அழைக்கக் கூடாது என்று 2024இல் அது பரிந்துரைத்தது. இதற்குப் பைசா செலவில்லை.

ஆசிரியர்களே, அடுத்த முறை படிவம் வந்தால் பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.