தனி தொடங்கியதும் எழுந்து போகிறவர்கள்

மார்கழிக் கச்சேரிக்குப் படப்பையிலிருந்து போய்வருவது என்றால், திரும்பும்போது மாம்பலத்துக்கு ஒரு பஸ், தாம்பரம் வரை மின்ரயில், பிறகு முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டி வீடு சேர இன்னொரு பஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் கச்சேரியில் எழுந்துகொள்ள வாகான இடம் ஒன்றுதான்: மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம். நானும் பல வருடங்களாக அந்த இடத்தில்தான் எழுந்திருக்கிறேன். யாராவது முறைத்தால் கடைசி பஸ்ஸைக் காரணம் சொல்வேன். ஆனால் பத்து நிமிடம் நடந்தால் வீடு என்கிற லஸ்காரர்களும் என்னோடு எழுந்து வருகிறார்களே, அவர்களுக்கு எந்த பஸ்?

இந்தக் குற்றவுணர்வைக் கிளறிவிட்டவர் மிருதங்கக்காரர் அல்ல, ஒரு பியானோக்காரர். இங்கிலாந்தில் 1899இல் பிறந்த ஜெரால்ட் மூர், வாழ்நாள் முழுக்கப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். பக்கவாத்தியக்காரனாக இருப்பதில் எனக்கு வெட்கமில்லை என்று தலைப்பிலேயே சொல்லி 1943இல் ஒரு புத்தகம் போட்டார். 1962இல் வந்த தன்வரலாற்றுக்கு 'சத்தம் அதிகமோ?' என்ற கேள்வியே தலைப்பு. 1967இல் லண்டனில் நடந்த விடைபெறும் கச்சேரியில் மூன்று பெரும் பாடகர்கள் அவருக்காகப் பாடினார்கள். எல்லாம் முடிந்தபின் அவர் தனியாக வந்து உட்கார்ந்து, ஷூபர்ட்டின் பாட்டு ஒன்றைப் பாடகர் இல்லாமல் பியானோவில் மட்டும் வாசித்துவிட்டுப் போனார். அதுதான் அவருடைய தனி. அன்றைக்கு யாரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள்.

இப்போது அமெரிக்காவில் அந்த வேலைக்குப் பெயரே வேறு. வயலின் கலைஞர் இட்ஸாக் பெர்ல்மனுக்கு நெடுங்காலம் வாசித்த சாமுவேல் சாண்டர்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'கொலாபரேட்டிவ் பியானிஸ்ட்' என்ற சொல்தான் கல்லூரிகளில் வழங்குகிறது. சேர்ந்து இசைப்பவர், பின்னால் வருபவர் அல்ல என்று பொருள். நமக்கு இந்தத் திருத்தம் தேவைப்படவில்லை. 'பக்க'வாத்தியம் என்று ஆரம்பத்திலேயே பக்கத்தில் உட்காரவைத்துவிட்டோம். உட்காரவைத்த பிறகு என்ன செய்தோம் என்பது வேறு கதை. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கத்துக்கு முதன்முதலாகக் கிடைக்க 1966 ஆக வேண்டியிருந்தது. அதைப் பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். அவருக்கே அவ்வளவு காலம்!

யார் பக்கம், யார் நடு என்பதும் கல்லில் எழுதியதல்ல. 1778இல் பாரிஸில் அச்சான மொசார்ட்டின் சொனாட்டாக்கள் 'வயலின் பக்கவாத்தியத்துடன் கூடிய' கீபோர்டு சொனாட்டாக்கள் என்றே விற்கப்பட்டன. அங்கே பின்னால் வயலின் நடுவுக்கு வந்தது, பியானோ பக்கத்துக்குப் போனது. பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்கார பாண்டுக்காரரிடம் கற்றுக்கொண்டுவந்த அதே வயலின் நம்மிடம் பக்கத்தில் உட்கார்ந்தது.

பியானோ பக்கவாத்தியத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு 1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில், தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் க்வெண்டலின் கோல்டோஃப்ஸ்கி தொடங்கியது. பியானோ வாசிக்கத் தெரிந்தவனுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறைய இருக்கிறது. முன்பின் பாராத நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். பாடகிக்குச் சளி பிடித்து அரைக் கட்டை இறக்கச் சொன்னால், தாளில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே விரலில் வேறொன்றை வாசிக்க வேண்டும். நம் மிருதங்கக்காரர் சுருதிக்கு ஒன்றாக இரண்டு வாத்தியம் தூக்கி வருவார். பியானோவைத் தூக்கிவர முடியாதே. ஆப்பரா ஒத்திகை என்றால் எழுபது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவைப் பத்து விரலில் அடக்க வேண்டும். ஜெர்மனும் பிரெஞ்சும் இத்தாலியனும் பேச வராவிட்டாலும், எந்தச் சொல்லில் பாடகர் மூச்சு வாங்குவார் என்று தெரிய வேண்டும். மூச்சு வாங்குவதற்கு ஓர் இமைப்பொழுது முன்னால் கை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் உண்டா தெரியவில்லை. மணி ஐயர் சாகித்யத்துக்கு வாசித்ததைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

பியானோ நமக்கு அந்நியம் என்று தள்ளுவதும் சரியல்ல. பாடகரின் குரலை ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று அளக்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டைதான். எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடையில் உச்சத்துக்குப் போனபோதெல்லாம் கீழே ஆர்மோனியப் பெட்டி வாசித்தது அவர் அண்ணன் காசி ஐயர். அந்தப் பெட்டியை அகில இந்திய வானொலி 1940இல் தொடங்கி மூன்று பத்தாண்டுகள் வாசலில் நிறுத்திவைத்தது. கமகம் வராது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பியானோவிலும் வராது. பியானோக்காரர் அனில் சீனிவாசன், பாடகர் சிக்கில் குருசரணுக்கு வாசிக்கும்போது கமகத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. ராகத்தின் அடியில் சில ஸ்வரங்களை ஊன்றிவிட்டு விலகி நிற்கிறார். குரல் மேலே தன்போக்கில் அசைகிறது. எல்லாக் கீர்த்தனைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் சர்க்கரை கூடித் திகட்டும். பொருந்துகிற இடத்தில், வாசிக்காமல் இருப்பதும் பக்கவாத்தியம்தான் என்று புரிகிறது.

சரி, சென்னையில் ஒருவர் இதையே தொழிலாக வைத்துக்கொண்டு வாழ முடியுமா? இதையே மட்டும் என்றால் முடியாது. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் சேர்ந்திசைக் குழுவை நடத்திய ஹாண்டல் மானுவலும் பியானோ, ஆர்கன், வானொலி என்று பல குதிரைகளில் சவாரி செய்தவர்தான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளில் டியூஷன், நடுவே வயலின் கிரேடு பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாசிப்பது. அந்தக் கடைசி வேலையையும் இப்போது பதிவுசெய்த டிராக் பறிக்கத் தொடங்கிவிட்டது. டிராக் கூலி கேட்காது. பிள்ளை பயந்து ஒரு அட்சரம் தடுமாறினால் நிற்கவும் நிற்காது.

அடுத்த இதழைப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். மிருதங்கம், கடம், நாடகப் பெட்டி, பம்பை, சர்ச் கீபோர்டு எதுவானாலும் சரி. தாம்பரம், படப்பை, ஒரகடம் பக்கத்துக்காரர்கள் முதலில் எழுதுங்கள். யாரிடம் கற்றீர்கள், முதல் மேடை எது, போன மாதம் கைக்கு வந்தது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம், தொகையைப் போடுவோம்.