டிரைவ் போச்சா? கவலைய விடுங்க பாஸ்!

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பி.எஸ்சி. கணிதம், மூணாவது வருஷம். அண்ணன் ப்ளஸ் டூ படிச்சப்போ, 2014-ல் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டு பீரோவுக்குள் தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. ப்ராஜெக்ட் அடிக்கலாம்னு எடுத்து ஆன் பண்ணினா, விண்டோஸ் லோகோவோடு நின்னுடுது. சரி, புதுசா ஓ.எஸ். போடலாம் என்றால் டி.வி.டி. டிரைவ் மக்கர். டிஸ்கை வாங்கி 'கர்ர்... கர்ர்...' என்று நாலு சுற்று சுற்றிவிட்டு வெளியே துப்பிவிடுகிறதாம். கடையில் காட்டியதற்கு, "டிரைவ் மாத்தணும், எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் போடணும், உள்ள இருக்கிறது வராது" என்று பதில்.

உள்ளே இருப்பது என்ன தெரியுமா? இறந்துபோன தாத்தாவின் போட்டோக்கள். வேறு எங்கேயும் காப்பி கிடையாது. 'டிரைவ் இல்லாம ஓ.எஸ். போட முடியுமா அண்ணா? போட்டோ போயிடுமா?' இதுதான் கேள்வி.

ஓ.எஸ். போட முடியும். ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தால் போட்டோவும் போகாது. ஆனால் ஒன்று... இந்த வாரப் பக்கத்தை முழுசா படித்து முடிக்கிற வரைக்கும் அந்த லேப்டாப்பைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீங்க.

முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். பவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் விண்டோஸைத் தேடுவதில்லை. மதர்போர்டில் இருக்கிற பயாஸ் என்கிற சின்ன புரோகிராம்தான் முதலில் கண் விழிக்கும் (புது மெஷின்களில் இதற்குப் பெயர் யு.இ.எஃப்.ஐ.). அதன் கையில் ஒரு வரிசைப் பட்டியல் இருக்கும். ஹார்ட் டிஸ்க், டி.வி.டி., யு.எஸ்.பி., நெட்வொர்க் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கும். எந்தக் கதவுக்குப் பின்னால் பூட் ஆகக்கூடிய சரக்கு இருக்கோ, அங்கே வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டி.வி.டி. டிரைவ் அந்தக் கதவுகளில் ஒன்று, அவ்வளவுதான்!

சொல்லப்போனால் சி.டி.யிலிருந்து பூட் ஆவதே பிற்பாடு வந்த வசதி. 1995-ல்தான் அதற்கென ஒரு விதிமுறை வந்தது. பெயர் 'எல் டோரிட்டோ'. ஏதோ பெரிய தொழில்நுட்பச் சொல் என்று நினைக்காதீங்க. கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு மெக்ஸிகன் ஓட்டலின் பெயர்! சாப்பிடப் போன இடத்தில் பிறந்த ஐடியா. 2008-ல் ஆப்பிள் கம்பெனி மேக்புக் ஏர் லேப்டாப்பை டிஸ்க் டிரைவே இல்லாமல் இறக்கியபோது, 'இதுல எப்படிங்க சாஃப்ட்வேர் போடுறது?' என்று உலகமே கேட்டது. இன்றைக்குக் கடையில் இருக்கிற புது லேப்டாப்களில் டிஸ்க் டிரைவைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்குவது ரொம்ப ஈஸி. கங்கை நம்ம பக்கம் ஓடவில்லை. ராஜேந்திர சோழன் வடக்கே படையை அனுப்பி, கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து சோழகங்கம் ஏரியில் விட்டான். இன்றைக்கு பொன்னேரி என்று சொல்கிறோமே, அதுதான். தண்ணீர் வந்து சேர்ந்ததுதான் பேச்சு, எந்தக் குடத்தில் வந்தது என்று யாராவது கேட்கிறோமா? நமக்கு இப்போ குடம், 8 ஜிபி பென் டிரைவ்.

குடத்தில் எதை நிரப்புவது? என் ஓட்டு லினக்ஸுக்கு. காரணம் சிம்பிள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே டாட்டா காட்டிவிட்டது. விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், டி.பி.எம். 2.0 சிப் என்று ஏகப்பட்ட கண்டிஷன். 2014 மாடல் லேப்டாப் அந்த வாசலிலேயே நின்றுவிடும். குறுக்கு வழியில் உள்ளே தள்ளலாம்தான், ஆனால் அந்த மெஷின் மூச்சு வாங்கும். பைரசி காப்பி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கூடவே என்னென்ன வைரஸ் இலவசம் என்றும் கேட்டுக்கொள்ளுங்க. லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும். ப்ராஜெக்ட் அடிக்க லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். தமிழில் அடிக்கணுமா? தமிழ்99 விசைப்பலகையும் போட்டுக்கொள்ளலாம்.

மின்ட் ஐ.எஸ்.ஓ. ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். தினம் 2 ஜிபி டேட்டா பிளான் வைத்திருப்பவர்கள் டென்ஷன் ஆக வேண்டாம். டோரண்ட் வழியாக இறக்கினால் இன்றைக்குப் பாதி, நள்ளிரவு தாண்டி மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் அந்தத் தளத்தில் கொடுத்திருக்கிற செக்சம் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்க. அரைகுறையாக இறங்கின ஃபைலை வைத்துக்கொண்டு ராத்திரி பூரா மல்லுக்கட்டி, கடைசியில் லேப்டாப்பைத் திட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவாங்க. அந்த ஐ.எஸ்.ஓ.வை அப்படியே பென் டிரைவில் காப்பி-பேஸ்ட் பண்ணிவிட்டு, 'பூட் ஆகலையே அண்ணா' என்பாங்க. ஆகாது! ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழு டிஸ்கின் அச்சு. அதைப் பிரித்து, பூட் ஆகிற பகுதியோடு சேர்த்துப் பென் டிரைவில் 'எழுத' வேண்டும். ஃப்ரெண்டோட விண்டோஸ் மெஷின் கிடைத்தால் ரூஃபஸ் என்கிற குட்டி புரோகிராம் போதும். ஐ.எஸ்.ஓ.வைக் காட்டி ஸ்டார்ட் கொடுத்தால் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள் ரெடி. பென் டிரைவில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழியும், ஞாபகம் இருக்கட்டும்.

வேறு கம்ப்யூட்டரே கிடைக்காதா? உங்க கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போன் எதுக்கு? எட்ச்டிராய்டு என்று ஒரு இலவச ஆப். போனில் ஓ.டி.ஜி. கேபிளைச் சொருகி, அதில் பென் டிரைவை மாட்டி, லினக்ஸ் ஐ.எஸ்.ஓ.வை நேராக எழுதிவிடலாம். விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வுக்கு இந்த வித்தை பலிக்காது, லினக்ஸுக்கு மட்டும்.

இப்போ லேப்டாப்புக்கு வருவோம். பென் டிரைவை மாட்டி, ஆன் பண்ணின உடனே பூட் மெனு கீயைத் தட்டுங்க. லெனோவோ, டெல், ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப் 12. ஹெச்.பி. என்றால் எஸ்கேப் அல்லது எஃப் 9. ஏசரில் அந்த மெனு வரவில்லை என்றால், எஃப் 2 தட்டி பயாஸுக்குள் போய் அதை 'எனேபிள்' பண்ணணும். பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா? இன்டர்நெட்டில் பார்த்ததையெல்லாம் அடித்துப் பார்க்காமல், லேப்டாப் கொடுத்த பள்ளியிலோ கல்லூரியிலோ கேளுங்க.

மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், கொஞ்ச நேரத்தில் மின்ட் திரை வந்து நிற்கும். தங்கச்சி, நீங்க இதை நல்லா கவனிக்கணும். இன்னும் எதையும் இன்ஸ்டால் பண்ணவில்லை! ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ராமில் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பேர் லைவ் மோடு. 'உள்ளே இருக்கிறது வராது' என்று அவசரப்பட்டுச் சொன்னவர்கள் மறந்துபோன விஷயம் இதுதான். விண்டோஸ் எழுந்திருக்கவில்லை என்பதற்காக டிஸ்கில் இருக்கிற ஃபைல்கள் செத்துப்போச்சு என்று அர்த்தமில்லை. வீட்டுக்காரர் மயக்கமாகக் கிடக்கிறார், பீரோவில் நகை அப்படியே இருக்கு.

இன்ஸ்டால் ஐகான் டெஸ்க்டாப்பில் கண்ணடிக்கும். தொடவே கூடாது. முதலில் மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்கிற புரோகிராமைத் திறந்து, ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பாருங்க. டிஸ்க் நல்லா இருக்கா, சாகக் கிடக்குதா என்று அதுவே சொல்லும். லேப்டாப்புக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் பண்ணிடுங்க. அது கையேடு பார்த்துச் செய்கிற வேலை இல்லை, டேட்டா மீட்கத் தெரிந்த ஆளிடம் போகணும்.

டிஸ்க் ஓகே என்றால் ஃபைல் மேனேஜரைத் திறங்க. இடது பக்கம் ஹார்ட் டிஸ்கின் பகுதிகள் தெரியும். விண்டோஸ் பகுதிக்குள் 'யூஸர்ஸ்' ஃபோல்டர், அதற்குள் அண்ணன் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். டி டிரைவையும் விடாதீங்க. நம்ம ஆளுங்க முக்கியமானதையெல்லாம் அங்கேதான் 'நியூ ஃபோல்டர் 2' என்று பெயர் வைத்துப் பதுக்குவாங்க. எல்லாவற்றையும் இன்னொரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ காப்பி பண்ணுங்க. அப்புறம் அதைக் கழற்றி வேறொரு மெஷினிலோ போனிலோ மாட்டி, நாலைந்து போட்டோவைத் திறந்து பாருங்க. தாத்தா முகம் முழுசா தெரியுதா? அப்போதான் காப்பி ஆச்சு என்று அர்த்தம். முடிந்தால் இரண்டு இடத்தில் வையுங்க.

இப்போ இன்ஸ்டால் ஐகானைத் தொடலாம். கேட்கிற கேள்விகளில் ஒன்றுதான் ஆபத்தானது: எந்த டிஸ்கில் போடணும்? அளவைப் பார்த்துக் கண்டுபிடிங்க. 320 ஜிபி, 500 ஜிபி என்று காட்டுவது ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி உங்க பென் டிரைவ். விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே போடவும் வழி இருக்கு. எழுந்திருக்காத விண்டோஸை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போறீங்க என்பது என் கேள்வி!

இடையில் ஒரு சேதி. தமிழக அரசின் லேப்டாப் திட்டம் 2011-ல் ஆரம்பித்தது. அந்த லேப்டாப் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ஓ.எஸ். அது. பேரே பாஸ்! ஆன் பண்ணியதும் விண்டோஸா, பாஸா என்று கேட்கும் கறுப்புத் திரை வந்தால், பென் டிரைவ்கூட வேண்டாம், பாஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் ஃபைல்களை எடுத்துவிடலாம். என்ன, கேம் போட இடம் பத்தவில்லை என்று முதல் வாரமே அதை அழித்த அண்ணன்கள்தான் ஜாஸ்தி. உங்க அண்ணன் எந்த ரகமோ!

யு.எஸ்.பி.யிலும் பூட் ஆகாத பழைய மெஷின்கள் இருக்கு, குறிப்பா காலேஜ் லேபில். அதற்கு நெட்வொர்க் கதவு. இன்டெல் 1990-களில் கொண்டுவந்த பி.எக்ஸ்.இ. என்ற முறை. லேன் கேபிள் வழியாக ஒரு மெஷின் இன்னொன்றுக்கு ஐ.பி. முகவரியும் பூட் ஃபைலும் கொடுக்கும். நாற்பது மெஷினுக்கு ஒரே சமயத்தில் ஓ.எஸ். போட இதுதான் ராஜ வழி. வைஃபையை நம்பாதீங்க, கேபிள்தான். லேப் சாரிடம் சொல்லாமல் மட்டும் ஆரம்பிக்காதீங்க. உங்க மெஷின் எல்லோருக்கும் ஐ.பி. கொடுக்க ஆரம்பித்தால், ஆபீஸ் ரூம் வரைக்கும் நெட் படுத்துக்கும்.

அந்தச் செத்த டி.வி.டி. டிரைவை என்ன பண்ணுவது? பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூதான். கழற்றி இழுத்தால் முழுசா வெளியே வந்துவிடும். அந்த ஓட்டைக்குள் உட்காருகிற மாதிரி 'கேடி' என்று ஒரு தட்டு விற்கிறாங்க. 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று ரெண்டு கனத்தில் வரும், டிரைவை அளந்து பார்த்து வாங்கணும். பழைய ஹார்ட் டிஸ்கை அந்தத் தட்டில் மாட்டிவிட்டு, அது இருந்த இடத்தில் சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, மின்ட்டை அதில் இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. பத்து வருஷப் பழைய மெஷின்தானா இது என்று அண்ணனே திருப்பிக் கேட்பார், கொடுத்துடாதீங்க.