பந்து வந்துவிட்டது, தரை எங்கே?

காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் உறவினர், மகளும் அவள் தோழியரும் விளையாடுவதற்காக வீட்டுக் கொல்லையில் கான்கிரீட் தரையுடன் கைப்பந்து ஆடுகளம் அமைத்தார். சித்திரையில் தளம் போட்டார்கள். கார்த்திகை மழை ஓய்ந்தபோது களத்தின் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. குதித்து இறங்கும் பிள்ளைகளுக்குக் கணுக்கால் பிசகிவிடுமே என்று வலையைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

ஒப்பந்தக்காரர் சிமென்ட்டைக் குறைத்துவிட்டார் என்பது உறவினரின் சந்தேகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெடிப்பு ஓடிய இடம், பழைய மேட்டுக்கும் புதிதாக நிரப்பிய பள்ளத்துக்கும் இடைப்பட்ட எல்லை. மேட்டில் இருப்பது செம்புறாங்கல்; பள்ளத்தில் கொட்டியது கண்மாயிலிருந்து எடுத்துவந்த கரம்பை. செம்புறாங்கல் காய்ந்தால் கடப்பாரைக்கும் எளிதில் இடங்கொடாது. கரம்பையோ நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வயலுக்கு வளம் சேர்க்கும் அதே மண், தளத்தின் அடியில் பகையாகிவிடுகிறது. அசையாத தரையிலும் அசையும் தரையிலும் ஒரே பலகையாகத் தளம் போட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் அது முறியத்தான் செய்யும். எவ்வளவு சிமென்ட் சேர்த்தாலும் இதைத் தடுக்க இயலாது.

அடுத்தது தண்ணீர். கைப்பந்துக் களத்தின் அளவு 18-க்கு 9 மீட்டர். சுற்றிலும் மூன்று மீட்டர் இடம் விட்டால் 360 சதுர மீட்டர். அதன்மேல் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 18 ஆயிரம் லிட்டர் தண்ணீர் சேரும். அதாவது, ஒன்றரை லாரித் தண்ணீர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓர் இரவிலேயே இவ்வளவு மழை பெய்துவிடும். முன்பு அதில் ஒரு பகுதியை மண் குடித்தது. இப்போது முழுவதும் தளத்தின் ஓரத்தில் வழிந்து, அடிமண்ணை அரித்து, அடுத்த வீட்டுச் சுவரை நனைக்கிறது. களம் போட்டவருக்கு மட்டுமன்றி, அண்டை வீட்டாருக்கும் இது சிக்கல்.

இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர் செட்டிநாட்டின் பழைய கொத்தனார்கள். உயர்ந்த மேடையில் வீடு எழுப்பினார்கள். வளவின் நடுமுற்றத்தில் விழும் மழையைப் பாத்திரங்களில் பிடித்தார்கள். மிஞ்சியது தெருவின் வாட்டத்தில் ஓடி ஊருணியை அடைந்தது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபோது, மாளிகைகளோடு இந்த நீர் மேலாண்மையும் சேர்த்தே எடுத்துரைக்கப்பட்டது. முற்றத்துக்கு வாட்டம் பார்த்த ஊரில், அதைவிடப் பன்மடங்கு பெரிய ஆடுகளத்துக்கு வாட்டம் பார்க்க மறந்துபோகிறோம்.

கொல்லையில் களம் போடுவது பணக்காரர் பொழுதுபோக்குதானே என்று சிலர் கேட்கக்கூடும். ஊர்ப் பொட்டல் மாலை நேரங்களில் பையன்களின் கிரிக்கெட்டுக்கு உரியதாகிவிட்டது. பெண்பிள்ளைகளைக் கூச்சமின்றி, அச்சமின்றி விளையாடவிடப் பெற்றோர் நம்பும் இடம் பல ஊர்களில் யாரோ ஒருவரின் கொல்லையாகவே இருக்கிறது. என் உறவினர் வீட்டு வலை கழற்றப்பட்டதால் ஆட்டத்தை நிறுத்தியவர்கள் ஒரு வீட்டுப் பெண் மட்டுமல்லர். ஒரு தெருவின் பிள்ளைகள். கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024-இல் தொடங்கியது. பந்தும் வலையும் ஊருக்கு வருகின்றன. அவற்றைப் பயன்படுத்தத் தகுந்த தரையைப் பற்றிய பேச்சுதான் குறைவாக இருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. களத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் இடுப்பளவு குழி தோண்டிப் பார்த்தாலே மண் மாறும் இடம் தெரிந்துவிடும். ஈரமண்ணை உருட்டிக் கயிறாகத் திரிக்க முடிந்தால் அதில் களி மிகுதி. அதை அகற்றிவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, நீர் தெளித்து, ரோலரால் இறுக்க வேண்டும். தளத்தை ஒரே பலகையாகப் போடாமல் இடைவெளி விட்டுப் பிரிக்க வேண்டும். திறந்தவெளிக் கைப்பந்துக் களத்தில் மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் சரிவைச் சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. 15 மீட்டர் அகலத்துக்கு ஏழரை சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். தாழ்ந்த ஓரத்தில் வடிகாலும், அதன் முடிவில் உறிஞ்சுகுழியோ ஊருணிக்குச் செல்லும் வரத்துக்காலோ இருக்க வேண்டும். கபடி போன்ற ஆட்டங்களுக்குக் கான்கிரீட் தேவையே இல்லை. சலித்த செம்மண் போதும்.

தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. கூரைக்கு நாம் காட்டும் கண்டிப்பு, கூரை அளவுக்கே நீரை வழியவிடும் ஆடுகளத் தளத்துக்கும் பொருந்த வேண்டும். 2024-இல் மாநகராட்சியான காரைக்குடி இதில் முன்னோடியாகலாம். நகரிலேயே அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்ட ஊராட்சிகளின் மண்ணைச் சோதித்து, எந்த மண்ணுக்கு எந்தத் தளம் என்று ஒரு பக்கக் கையேடு தயாரிப்பதை மாணவர்களின் செயல்திட்டமாகவே வைக்கலாம்.

என் உறவினர் இறங்கிய பாதியை உடைத்துக் கரம்பையை அள்ளிக்கொண்டிருக்கிறார். முதலிலேயே ஐந்து குழிகள் தோண்டியிருந்தால் ஒரு நாள் கூலியோடு முடிந்திருக்கும். இப்போது பாதித் தளத்தின் செலவும், அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு ஆட்டமும் போய்விட்டன.