டாக்டர் கேட்க மறந்த கேள்வி

புராஸ்டேட் புற்றுநோய் என்றாலே, 'அது வயசானவங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். 'சிகிச்சைக்குப் பிறகு தாம்பத்யம்' என்று தலைப்புப் போட்டால், 'இந்த வயசுல இது வேறயா!' என்று சிரிப்பு வேறு. இன்று நான் சொல்லப்போவது அதற்கும் ஒரு படி மேலே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முகம் சுளிப்பதாக இருந்தால் கடைசியில் சுளித்துக்கொள்ளலாம்!

வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது அறுபது. சிறுநீர் போவதில் சிரமம் என்று காங்கேயத்தில் காட்டி, அங்கிருந்து கோவைக்குப் போய், புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து செக்கப். டாக்டர் நல்ல மனிதர். அக்கறையாகத்தான் கேட்கிறார்.

"வீட்டுக்காரம்மா வந்திருக்காங்களா? ரெண்டு பேரையும் வச்சுப் பேசணும்."

"இல்லீங்க டாக்டர்."

"அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க."

"சரிங்க."

அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது. அவருக்கு மனைவி கிடையாது. இருபது வருஷமாக அவருக்குத் துணை இன்னொரு ஆண். வெளியே பெஞ்சில் டிபன் கேரியரும் ஸ்கேன் கவருமாக உட்கார்ந்திருப்பவர் அவர்தான். நர்ஸ் கேட்டதற்கு, 'சொந்தக்காரருங்க' என்று சொல்லியாயிற்று. தறிப்பட்டறைச் சத்தத்தில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. டாக்டர் ரூமில் சத்தமே இல்லை. இருந்தும் இவருக்கு வாய் வரவில்லை.

'அதனால என்னங்க? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதே!' என்பீர்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். நோயாளி யாரோடு, எப்படி வாழ்கிறார் என்று தெரியாமல் இந்த நோய்க்கு முழு வைத்தியம் செய்ய முடியாது.

ஏன் தெரிய வேண்டும்?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். விந்துவில் சேரும் திரவத்தில் ஒரு பகுதி இங்கேதான் சுரக்கிறது. விறைப்புக்கான நரம்புகள் இதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. 1982ல் அமெரிக்காவின் பேட்ரிக் வால்ஷ் என்ற மருத்துவர் இந்த நரம்புகளைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அப்படியும் எல்லோருக்கும் பழைய நிலை திரும்புவதில்லை. திரும்புகிறவர்களுக்கும் ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு உச்சம் வரும். ஆனால், விந்து வராது. சிலருக்கு அந்த நேரத்தில் சிறுநீர் கசியும். கதிர்வீச்சு கொடுத்தால் பாதிப்பு உடனே தெரியாமல், வருஷங்கள் போகப்போக மெல்லத் தெரியும். ஹார்மோன் சிகிச்சையில், அல்லது விதைகளையே அகற்றிவிடும் ஆபரேஷனில், ஆசையே குறைந்துவிடும். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். மார்பு வீங்கலாம்.

இதெல்லாம் எல்லா ஆண்களுக்கும் பொது. தன்பாலீர்ப்பு உள்ள ஆண்களுக்கும், ஆண் பெண் இருபாலரிடமும் ஈர்ப்பு உள்ளவர்களுக்கும் இதோடு வேறு சில விஷயங்களும் சேருகின்றன. ஆசனவாய் வழி உறவுக்கு அதிக விறைப்பு தேவை. 'மாத்திரையில ஓரளவு சரியாயிடுச்சே' என்று டாக்டர் திருப்திப்படும் அளவு இவருக்குப் போதாமல் போகலாம். உறவில் ஏற்கும் இடத்தில் இருப்பவருக்குப் புராஸ்டேட்டே சுகம் தருகிற உறுப்பு. அதை எடுத்துவிட்டால் அந்த உணர்வு மாறும். கதிர்வீச்சு என்றால் மலக்குடலின் உட்சுவர் மெலிந்து, எளிதில் ரத்தம் கசியும். எந்தச் சிகிச்சை என்று தேர்ந்தெடுக்கும்போதே நோயாளிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா? ஆபரேஷனா, கதிர்வீச்சா என்று முடிவு செய்யும் நாளில் யாரும் சொல்லவில்லை என்றால், அப்புறம் எப்போது சொல்வது?

மேல்நாட்டிலும் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டார்கள். இந்த ஆண்களுக்கென்றே பெர்ல்மேன், டிரெஷர் என்ற இருவர் தொகுத்த வழிகாட்டிப் புத்தகம் 2005ல் வந்தது. பிற்பாடு இங்கிலாந்து மருத்துவர்கள் கலந்து பேசி, எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்று யோசனை வகுத்தார்கள். சாராம்சம் இதுதான்:

பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் ஆசனவாய் வழி உறவை ஏற்க வேண்டாம். இல்லாவிட்டால் அளவு கூடிக் காட்டி, வீண் பயம் வரும். மலக்குடல் வழியாக பயாப்ஸி எடுத்திருந்தால் இரண்டு வாரம். புராஸ்டேட்டை எடுத்த பிறகு ஆறு வாரம். வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தால், அது முடிந்து இரண்டு மாதம். கதிர்வீச்சுத் துகள்களை உள்ளேயே பதித்திருந்தால் ஆறு மாதம். பதித்த துகள்களின் கதிர் கூட இருப்பவரையும் தொடும் என்பதால்தான் அவ்வளவு நாள். இவை பொதுக்கணக்கு. உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்!

உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒன்றும் இருக்கிறது. விறைப்புக்கான மாத்திரையை நண்பர் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது! நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் போட்டால், ரத்த அழுத்தம் சடாரென்று விழும். 'பாப்பர்ஸ்' என்று சிலர் முகர்கிற திரவமும் அப்படியே. எச்.ஐ.வி. மருந்துகளில் சிலவற்றோடு சேர்ந்தால், இந்த மாத்திரையின் வேகம் உடம்பில் ஏறிவிடும். விந்து வராவிட்டாலும் பால்வினை நோய்கள் தொற்றும். ஆகவே, ஆணுறை அவசியம்.

வழியும் இருக்கிறது. சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல இடுப்புத் தசையை இறுக்கி விடும் பயிற்சி, டாக்டர் எழுதித் தரும் மாத்திரை, வேக்குவம் பம்ப், ஊசி, எதுவும் பலிக்காவிட்டால் உள்ளே பொருத்தும் கருவி. அணைப்பும் தொடுகையும் நோயாளிக்குப் பொதுவாகத் தடை கிடையாது.

வெட்கம் யாருக்கு?

'நம்ம ஊர்ல இப்படிப்பட்டவங்க யாருங்க இருக்காங்க?' என்று ஒரு கேள்வி வரும். இருக்கிறார்கள். சொல்வதில்லை, அவ்வளவுதான். 1986ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும், 'நம்ம ஊர்ல ஏது?' என்று சும்மா இருந்திருந்தால் அது எத்தனை நாள் மறைந்தே கிடந்திருக்கும்!

சட்டத்தின் பயமும் இப்போது இல்லை. 2018 செப்டம்பர் 6ம் தேதி, வயது வந்த இருவர் விரும்பி உறவு கொள்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ல் இத்தகையோர் திருமணத்துக்கு அதே நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை என்பது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பெறுவதற்கும், கூட ஒருவர் வந்து உட்காருவதற்கும் கல்யாணப் பத்திரிகை தேவையில்லையே?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதன் பிறகுதான் உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதி, 'எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்' என்று கேட்க முடிந்தால், நம் டாக்டர்களால் முடியாதா? அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இத்தகையோரை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

மனைவிமார்களுக்கு...

இதைப் படிக்கும் சகோதரிகள் சிலருக்குக் கோபம் வரலாம். 'கல்யாணம் பண்ணிக்கிட்டு, வெளியில ஆணோட உறவு வச்சிருக்கிறவருக்கு என்ன பரிதாபம்?' என்று. நியாயமான கோபம்தான். ஊருக்காகவும் பெற்றவர்களுக்காகவும் கட்டாயத்தில் தாலி கட்டியவர்கள் உண்டு. அதில் அடிபடுவது பெண்தான். அதைப் பேசித் தீர்க்கும் இடம் குடும்பம். டாக்டர் ரூம் அதற்கான பஞ்சாயத்து மேடை கிடையாது. அவர் டாக்டரிடம் உண்மையைச் சொன்னால், பரிசோதனையும் பாதுகாப்பும் உங்களுக்கும் சேர்த்துத்தான் கிடைக்கும். அந்த நம்பிக்கை நிலைக்க வேண்டுமானால், டாக்டரிடம் சொன்னது டாக்டரோடு நிற்க வேண்டும். வராந்தாவில் பேச்சாகிவிடக் கூடாது.

என் யோசனைக்குப் பைசா செலவில்லை. டாக்டர்களே, 'வீட்டுக்காரம்மா வந்திருக்காங்களா?' என்பதை மாற்றி, 'உங்க கூட இருக்கிறது யாருங்க? அவங்களையும் வச்சுப் பேசலாமா?' என்று கேளுங்கள். மனைவி இருப்பவர் மனைவியைச் சொல்வார். விதுரர், 'யாருமில்லீங்க' என்பார். அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே?

நோயாளிகளே, டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் ஆரம்பியுங்கள். வாயில் சொல்ல வரவில்லையா? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். 'என் துணை ஒரு ஆண். உறவு பற்றி யோசனை வேண்டும்.' இரண்டு வரி போதும். அந்த டாக்டர் முகத்தைச் சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

பெஞ்சில் டிபன் கேரியரோடு காத்திருக்கிறாரே, அவரையும் உள்ளே கூப்பிடுங்கள். ஆபரேஷன் நாளில் அங்கேயே ராத்திரி முழுக்கக் கண்விழித்து உட்கார்ந்திருந்தவரும் அவர்தானே!