ஹாலில் பிரசங்கம், அடுப்படியில் மார்த்தாள்

விடியக்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் போன் சத்தம் போட ஆரம்பிச்சிடும். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப். சூரிய உதயம், ஓரத்துல ஒரு ரோஜாப்பூ, நடுவுல ஒரு வசனம். முக்காவாசி நாள் எரேமியா 29:11. உங்களைப் பத்தி நான் நல்லதையே நினைச்சிருக்கேன்னு கர்த்தர் தம்முடைய ஜனத்துக்குச் சொல்ற வசனம். கீழே வரிசையா ஆமென், ஆமென், கை கூப்பின படம். அதோட அன்னைக்கு வேதம் முடிஞ்சுது. எல்லாரும் அவங்கவங்க வேலைக்குக் கிளம்பிடுறாங்க.

அந்த வசனம் எனக்கும் உயிர்தான். ஆனா அதுக்கு முன்னாடி பத்து வசனம் இருக்கே, அதை ஏன் ஒருத்தரும் திறக்கிறதில்லை? அது எருசலேம்ல இருந்து, பாபிலோனுக்குச் சிறைபிடிச்சிட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம். 10-ஆம் வசனத்துலயே சொல்லிடுறார், 70 வருஷம் ஆகும்னு. அப்படின்னா அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவங்கள்ல பலபேர் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்கப் போறதில்லை. அதுவரைக்கும் என்ன செய்யணுமாம்? வீடு கட்டுங்க. தோட்டம் போட்டு அதுல காய்க்கிறதைச் சாப்பிடுங்க. பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க. நீங்க இருக்கிற பட்டணம் நல்லாயிருக்க ஜெபம் பண்ணுங்க. முழுக்கக் குடும்பம் நடத்துற பேச்சுங்க! அதையெல்லாம் தள்ளிட்டு ஒரே ஒரு வசனத்தை வெட்டியெடுத்து லேமினேட் பண்ணி வாக்குத்தத்த அட்டையாக்கி வெச்சிருக்கோம்.

எனக்கு ஏன் இவ்வளவு பொறுக்கலைன்னு கேட்கிறீங்களா? சொல்றேன்.

எங்க அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஊர்ல தனியா இருக்காங்க. ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சு போச்சு. பாத்ரூம்ல பழைய சிமெண்ட் தரை, பாசி ஏறி வழுக்கும். பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி கிடையாது. குட்டை ஸ்டூல்ல உட்கார்ந்து குளிச்சிட்டு, ஒரு கையைச் சுவத்துல ஊணி, இன்னொரு கையால வாளி விளிம்பைப் பிடிச்சு, 'இயேசப்பா'ன்னு முனகிக்கிட்டே எந்திரிப்பாங்க. வாளியில தண்ணி பாதிக்குக் குறைஞ்சா அதுவும் சாயும். வாசல்ல நின்னு அதைப் பார்க்கும்போது எனக்கு வயித்தைக் கலக்கும்.

அம்மா இப்படி இருக்கும்போதுதான் எங்க அண்ணன் ஊர்க் கோவிலுக்குக் கிரானைட் தரை போட்டுக் கொடுத்தான். ஆலயத்துக்குக் கொடுத்தது தப்புன்னு நான் சொல்லவே இல்லை. கல்வெட்டுல அம்மா பேரையும் சேர்த்தான். பிரதிஷ்டை அன்னைக்குக் கோவில் படியில அம்மாவை ரெண்டு பேர் தூக்கிப் பிடிச்சு ஏத்தினாங்க. நான் கம்பி போட ஆளைக் கூட்டிட்டுப் போனப்போ அம்மாவே தடுத்துட்டாங்க. 'அண்ணன் செய்றேன்னு சொல்லியிருக்கான், கோவில் வேலை முடியட்டும்'னாங்க. கோவில் வேலை முடிஞ்சுது. நான் அண்ணன்கிட்ட எடுத்துப் பேசினா, 'ஏட்டி, கர்த்தருக்குக் கொடுக்கிறதுல கணக்குப் பார்க்கக் கூடாது'ங்கிறான்.

அண்ணே, மாற்கு 7-ஆம் அதிகாரத்தை வாசிச்சிருக்கியா? அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கைன்னு சொல்லித் தட்டிக் கழிச்சவங்களை இயேசு என்ன பாடு படுத்துறார்! உங்க பாரம்பரியத்தால தேவனுடைய வார்த்தையையே ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்கன்னு முகத்துக்கு நேரே சொல்றார். அவர் தம்முடைய அம்மாவுக்கு என்ன செஞ்சார்? கையிலயும் கால்லயும் ஆணி அடிச்சுத் தொங்கிட்டிருக்கும்போது, சாகப்போற நேரத்துல, அம்மாவைச் சீஷன் கையில ஒப்படைச்சார். அன்னையிலிருந்து அந்தச் சீஷன் மரியாளைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டார்னு யோவான் 19 சொல்லுது. உலகத்தோட பாவத்தைச் சுமக்கிற நேரத்துலகூட அம்மா எங்கே தங்குவாங்கங்கிற கவலை அவருக்கு இருந்தது. இதைவிட ஒரு பிரசங்கம் வேணுமா நமக்கு?

கல்யாண வீட்டுக்குப் போங்க. அங்கேயும் இதே கதைதான். நிச்சயம் பேசுறதுக்கு முன்னாடி ஜெபம், பேசி முடிச்சதும் ஜெபம். நடுவுல எத்தனை பவுன், கார் உண்டா, ஊர்ல இருக்கிற இடம் யார் பேர்ல எழுதறதுன்னு பேரம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லயே வந்தாச்சு. சட்டத்தை விடுங்க, அன்னைக்குக் கையில வெச்சு வாசிக்கிற ஆதியாகமம் 24-ஐயாவது பார்க்கலாமே! ஆபிரகாமோட ஊழியக்காரன் பத்து ஒட்டகத்தோட பெண் பார்க்கப் போனான். பொன் காதணியும் கடகமும் கொடுத்தது மாப்பிள்ளை வீடு. பெண்ணோட அண்ணனுக்கும் அம்மாவுக்கும்கூட விலையுயர்ந்த பொருள் கொடுத்தாங்க. அதுக்கப்புறமும் அந்தப் பெண் ரெபெக்காளைக் கூப்பிட்டு, நீ போறியான்னு அவ வாயாலேயே கேட்டாங்க. இன்னைக்கு எத்தனை வீட்டுல பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கிறோம்? யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்ச்சான், ஏமாந்து போய் மறுபடியும் ஏழு வருஷம் மேய்ச்சான். மாமனார் வீட்டுல பைக் கேட்கலை.

கல்யாண ஆராதனையில எபேசியர் 5. மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்ங்கிறது 22-ஆம் வசனம். அதை அழுத்தி அழுத்திச் சொல்வாங்க. அதுக்கு மேல 21-ல ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியச் சொல்லியிருக்கு, அது காதுல விழாம போயிடும். பெண்ணுக்குச் சொன்னதைவிட ரெண்டு மடங்குக்கு மேல ஆணுக்குச் சொல்லியிருக்காரே பவுல், கிறிஸ்து சபைக்காக உயிரைக் கொடுத்த மாதிரி மனைவி மேல அன்பு வைக்கச் சொல்றாரே! அதைச் சொல்லி ஒரு மாப்பிள்ளையைத் தனியா உட்கார வெச்சுக் கேள்வி கேட்டதை நான் பார்த்ததே இல்லை.

பிள்ளைகள் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க. நான் சொல்லிக் கொடுக்கிற சண்டே ஸ்கூல்ல ஒரு பையன் கேட்டான். "டீச்சர், எங்க அப்பாவும் பெரியப்பாவும் வரப்புத் தகராறுல பேசிக்கிடவே மாட்டாங்க. நற்கருணை எடுக்கும்போது மட்டும் பக்கத்துல பக்கத்துல முழங்கால் போடுறாங்களே, அது சரியா?" மனப்பாட வசனத்துக்குப் பிரைஸ் வாங்கின பையன் அவன். மத்தேயு 5:23, 24-ஐயும் சேர்த்தே சொல்லுவான். பலிபீடத்துல காணிக்கை வைக்க வந்த இடத்துல சகோதரனுக்கு உன்மேல் குறை இருக்குன்னு நினைப்பு வந்தா, காணிக்கையை அங்கேயே விட்டுட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகுன்னு இயேசு சொன்ன இடம் அது. இந்தக் கேள்விக்குப் பதிலை நான் கரும்பலகையில எழுதிப் போட முடியுமா? அவன் அப்பாதானே எழுதணும், அவன் பெரியப்பா வீட்டு வாசல்ல போய் நின்னு!

உபாகமம் 6-ல மோசே என்ன சொல்றார்? வேதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வகுப்பறை கட்டச் சொல்லலை. வீட்டுல உட்கார்ந்திருக்கும்போது, வழியில நடக்கும்போது, படுக்கும்போது, எந்திரிக்கும்போது பேசச் சொல்றார். தீமோத்தேயுவோட விசுவாசம் எங்கேயிருந்து வந்ததுன்னு பவுல் தேடிப் பார்த்து எழுதுறது ரெண்டு பெண்கள் பேரை. பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள். நாம ஒரு மணி நேர ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கி விட்டுட்டு, வாசல்லயே பைக்கைத் திருப்பிடுறோம்.

இதெல்லாத்தையும்விட எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. வீட்டு ஜெபக்கூட்டம்.

உங்க வீட்டுலயும் நடந்திருக்கும். ஹால்ல பாய் விரிச்சு, பேன் போட்டு, ஆண்கள் எல்லாம் முன்வரிசையில உட்கார்ந்தாச்சு. பாட்டு ஆரம்பிக்கும்போதே வீட்டுக்காரம்மா அடுப்படிக்குப் போயாச்சு. கூடவே மதினி, நாத்தனார், கல்லூரிக்குப் போற பொண்ணு. ஒருத்தி வாழைக்காய் சீவுறா, ஒருத்தி மாவு கரைக்கிறா, ஒருத்தி அம்பது டம்ளரைக் கழுவி அடுக்குறா. எண்ணெய் கொதிக்கிற சத்தத்துல பிரசங்கம் பாதி கேட்கும், பாதி கேட்காது. போன மாசம் ஒரு சொந்தக்காரங்க வீட்டுல அப்படித்தான் நானும் கரண்டியோட நின்னுட்டிருந்தேன். ஹால்ல செய்தி எதைப் பத்தித் தெரியுமா? லூக்கா 10. இயேசு வீட்டுக்கு வந்தப்போ பரிமாறுற வேலையில ஓடின மார்த்தாள், பாதத்துல உட்கார்ந்து கேட்ட அவ சகோதரி மரியாள். வேலை வேலைன்னு ஓடாம இயேசுவோட பாதத்துல உட்கார்ந்து கேட்கிறதுதான் நல்ல பங்குன்னு குரலை உயர்த்திச் சொல்லிட்டிருந்தார் பிரசங்கியார். ஹால்ல இருந்து ஆண் குரல்கள் அல்லேலூயா சொன்னதும் எங்களுக்குக் கேட்டது. அடுத்த நிமிஷம் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, 'பஜ்ஜி ரெடியா? இன்னும் பத்து நிமிஷத்துல ஆசீர்வாதம் சொல்லிடுவார்'ன்னார். அந்த வீட்டுக்காரம்மா முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. வேர்வையா கண்ணீரான்னு நான் கேட்கலை.

மரியாள் உட்காரலாம்னு இயேசு சொன்னாரே, அது யாருக்காகச் சொன்னது? நம்ம வீட்டுப் பெண்களுக்காகவும்தானே! அவங்களை அடுப்படியில நிறுத்திட்டு அந்த வேதபகுதியை நடு ஹால்ல வாசிக்க எப்படி மனசு வருது?

அடுப்படி வேலை ஆண்களுக்கு இழுக்குன்னு நினைச்சா, உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில என்ன செஞ்சார்னு யோவான் 21-ல பாருங்க. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒண்ணும் கிடைக்காம அலுத்துப்போன ஏழு சீஷர்கள் கரைக்கு வர்றாங்க. கரிநெருப்பு எரிஞ்சிட்டிருக்கு. மேல மீன், பக்கத்துல அப்பம். வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டு, அவரே எடுத்துப் பரிமாறுறார். மரணத்தை ஜெயிச்சவர் விடியக்காலத்துல நெருப்பு மூட்டி மீன் சுட்டுக் கொடுத்திருக்கார்.

அதனால ஐயாமார்களே, அண்ணன்மார்களே, உங்க வீட்டுல அடுத்த கூட்டம் வைக்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்க. டீயும் பலகாரமும் முந்தின நாளே கடையில சொல்லி வைங்க, இல்லைன்னா நாலு ஆண்கள் எந்திரிச்சு அடுப்படிக்குப் போங்க. பெண்களைக் கூப்பிட்டு முன்வரிசையில உட்கார வைங்க. அதுக்கப்புறம் பைபிளைத் திறங்க.