எட்டு நிமிடக் கணக்கு யாருக்காக?

மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பீடத்துக்கு எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம் மாட்ட வேண்டும். எட்டாவது நிமிடம் முடிந்ததும் பீடச்சிறுவன் மணியடிக்க வேண்டும். நம் பங்கு இதழில் நண்பர் எழுதியிருக்கும் யோசனை இது. கையெழுத்து வாங்கி அடுத்த பங்குப்பேரவையில் வைக்கப்போகிறாராம். அதற்குள் இதற்கொரு பதில் அச்சில் இருந்தாக வேண்டும்.

அவர் பெரிய ஆயுதமாக நினைத்துத் தூக்கியிருக்கும் வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். பிரசங்கம் நீளுவதால்தான் நம் பிள்ளைகள் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போய்விடுகிறார்கள் என்கிறார். போகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவர் எட்டிப் பார்த்ததுண்டா? தகரக் கூரை போட்ட அந்த ஜெபக்கூடங்களில் பாஸ்டர் ஒரு மணி நேரம் பேசுகிறார், ஒன்றரை மணி நேரமும் பேசுகிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து கேட்கிறார்கள். நீளம் பிடிக்காமல் ஓடுகிறவர்கள் அதைவிட நீளமான இடத்துக்கா ஓடுவார்கள்? அந்தப் பாஸ்டர் சொல்வது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பல நேரம் அவர் சொல்வது எனக்கு ஏற்புடையதே அல்ல. ஆனால் முதல் வரிசையில் இருப்பவளின் பெயர் அவருக்குத் தெரியும். அவள் மகன் திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்பதும் தெரியும். நம்மிடம் இல்லாதது அதுதான். அதை விட்டுவிட்டுக் கடிகாரம் வாங்கப் புறப்பட்டிருக்கிறார் நண்பர்.

அடுத்த வாதம்தான் என்னை எழுத வைத்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஆறு நாளும் உழைத்துக் களைத்து வருகிறார்களாம். எட்டு நிமிடத்துக்கு மேல் அவர்கள் தலையில் ஏறாதாம். அக்கறையைப் போல எழுதப்பட்டிருக்கும் இந்த வரி அப்பட்டமான அவமதிப்பு. நூறு வருடத்துக்கு மேலாக இந்த மலையில் துரைமார் சொன்னதும் இதைத்தானே? இவர்களுக்கு அறிவு கிடையாது, கை மட்டும்தான் உண்டு என்று. துரை போய்விட்டார். அந்தப் பேச்சு இப்போது பங்கு இதழில் வருகிறது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததை நண்பர் மறந்திருக்க மாட்டார். கொழுந்து பறிக்கும் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்ற அவர்களுடைய அமைப்பின் பெயர் கேரளம் முழுக்கத் தெரிந்தது அப்போதுதான். தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே வரவிடவில்லை. பேச வந்த அரசியல்வாதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். யார் பேச்சைக் கேட்க வேண்டும், யார் பேச்சைக் கேட்கக் கூடாது என்று தரம் பிரிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கேட்ட 20 சதவீதத்தை வாங்கிய பிறகுதான் எழுந்தார்கள். இவர்களுக்குத்தான் எட்டு நிமிடத்துக்கு மேல் ஏறாது என்கிறார்.

சாலக்குடிப் பக்கம் முரிங்கூர் தியான மையத்தில் தமிழிலும் தியானம் நடக்கிறது. காலையிலிருந்து இரவு வரை பேச்சு, ஒரு வாரத்துக்கு. தோட்டத்துப் பெண்கள் லீவு போட்டு, கூலியை இழந்து, பஸ் செலவு செய்து அங்கே போகிறார்கள். களைப்பு அங்கே மட்டும் எங்கே போகிறது? மாரமண்ணில் 1895 முதல் பம்பை ஆற்று மணலில் வருடந்தோறும் மக்கள் பந்தலடியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறார்கள். பாலக்காட்டு பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் கம்பன் பாட்டைச் சொல்லி அதற்கு விடிய விடிய உரை சொல்கிறார்கள், சில இடங்களில் 21 இரவுகள். நம் தமிழ்க் கிறிஸ்தவ மரபிலேயே வேதநாயகம் சாஸ்திரியார் பைபிளைக் கதாகாலட்சேபமாகப் பாடிப் பேசியவர். இந்த மண்ணின் காதுக்கு நீளம் புதிதல்ல.

இனி திருத்தந்தை பிரான்சிஸ். 2018 பிப்ரவரியில் பத்து நிமிடம் என்றார், 2024 ஜூனில் எட்டு நிமிடம் என்றார், அதற்கு மேல் போனால் மக்கள் தூங்கிவிடுகிறார்கள் என்றார். உண்மைதான், சொன்னார். ஆனால் நண்பர் அந்த எண்ணை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டார். அதே 2018 உரையில், மறையுரையை நன்றாகத் தயாரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். 2013இல் அவர் எழுதிய ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில் மறையுரைக்கு மட்டும் 135 முதல் 159 வரை 25 பத்திகள் ஒதுக்கியிருக்கிறார். சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு பத்தியில் வருகிறது. தயாரிப்புக்கு நீண்ட நேரம் கொடுக்க வேண்டும், மக்களின் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டும் என்பது பத்தி பத்தியாக வருகிறது. தயாரிக்காமல் பிரசங்கிக்கிறவர் நேர்மையற்றவர், பொறுப்பற்றவர் என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார். குருவானவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் மறையுரைக்காக உட்கார வேண்டும் என்று நண்பர் ஒரு விதி எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். தயாரிப்பில்லாத உரையை எட்டு நிமிடமாக வெட்டினால் கிடைப்பது தயாரிப்பில்லாத எட்டு நிமிடம்தான்.

தூங்கி விழுந்த யூத்திகுவையும் அவர் விடவில்லை. துரோவாவில் பவுல் நள்ளிரவு வரை பேசினார், சன்னலில் உட்கார்ந்திருந்த இளைஞன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான், ஆகவே நீண்ட பிரசங்கம் ஆளைக் கொல்லும் என்று முடிக்கிறார். திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரத்தை அவர் பாதியில் மூடிவிட்டார். பவுல் கீழே இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்கிறார், உயிர் இருக்கிறது என்கிறார், மறுபடி மேலே ஏறி அப்பத்தைப் பிட்டு உண்டபின் பொழுது விடியும்வரை பேசுகிறார். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இதோடு நிறுத்தும் என்று சொன்னதாக இல்லை. எந்தப் பகுதி பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்கிறது என்று நண்பர் காட்டுகிறாரோ, அதே பகுதி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இப்படி வேதத்தை வெட்டி ஒட்டுவது வாதம் ஆகாது.

மாற்கு 6ஆம் அதிகாரத்தையும் அவர் படிக்கட்டும். சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாத நாள். ஆயனில்லாத ஆடுகளைப் போல வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து இயேசு இரக்கப்படுகிறார். இரக்கப்பட்டு என்ன செய்தார்? சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினாரா? நேரமாகும்வரை பலவற்றையும் கற்பித்தார். அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் சீடர்கள். அவர் அதையும் தள்ளிவிட்டு அங்கேயே சாப்பாடும் கொடுத்தார். களைத்த மக்கள்மீது வந்த இரக்கம் அங்கே நீண்ட போதனையாகத்தான் வெளிப்பட்டது.

அமெரிக்கக் கணக்கு ஒன்றையும் அவர் காட்டியிருக்கிறார். 2019இல் பியூ ஆய்வு மையம் தேவாலயங்கள் இணையத்தில் ஏற்றியிருந்த ஏறத்தாழ 50,000 பிரசங்கங்களை அளந்தது. கத்தோலிக்கக் கோயில்களில் நடு அளவு 14 நிமிடம். இதை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறார். அதே ஆய்வில் கறுப்பின மக்களின் மரபார்ந்த புராட்டஸ்டன்ட் சபைகளில் நடு அளவு 54 நிமிடம் என்று இருப்பதை ஏன் மறைத்தார்? அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அந்த மக்களின் பாட்டன் பூட்டன்மார் பருத்தித் தோட்டத்திலும் கரும்புத் தோட்டத்திலும் அடிமைகளாக இருந்தவர்கள். வாரம் முழுக்க அவர்கள் உடம்பும் நேரமும் இன்னொருவனுக்குச் சொந்தம். கூடி உட்கார்ந்து தங்கள் மொழியில், தங்கள் துயரத்தைப் பற்றி, தங்களில் ஒருவர் பேசக் கேட்பதற்குக் கிடைத்த இடம் கோயில் ஒன்றுதான். அந்த நேரத்தை அவர்கள் நீட்டித்தார்கள். யாரும் அவர்களை நீட்டிக்கச் சொல்லவில்லை.

நம் மலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்பதில் அளவு வித்தியாசம் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் இங்கேயும் காலையில் சங்கு ஊதினால் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டும். எத்தனை மணிக்குக் கொழுந்து நிறுக்க வேண்டும், எத்தனை மணிக்குச் சோறு தின்ன வேண்டும் என்பதெல்லாம் இன்னொருவர் வகுத்தது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். இப்படி வாழ்கிறவளுக்கு ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம்தான் சங்கு ஊதாத நேரம். அங்கேயும் ஒரு கடிகாரத்தை மாட்டி மணியடிக்கச் சொல்கிறார் நண்பர்.

உண்மையில் இந்த எட்டு நிமிடம் கேட்கிறவர்களுக்கான சலுகையே அல்ல. இங்கே எல்லோருக்கும் தெரிந்து யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். எல்லைப் பகுதிப் பங்குகளில் தமிழ்த் திருப்பலி நிறைவேற்ற வரும் குருக்களில் பலருக்கு மலையாளம் தாய்மொழி. எழுதி வைத்த தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். அதில் தவறில்லை, வேற்று மொழியில் பேச முயல்கிறவரை நம் சனங்கள் மதிக்கிறார்கள். ஆனால் பத்து வருடம் ஆனாலும் அதே தாள், அதே தமிழ் என்றால், எட்டு நிமிடம் யாருக்கு வசதி? இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி தமிழ் கற்று 3,615 பாடல்களில் தேம்பாவணி எழுதினார். அவ்வளவு வேண்டாம். கொழுந்து என்றால் என்ன, லயம் என்றால் என்ன, ஒரு தாய் எப்படித் திட்டுவாள், எப்படி ஒப்பாரி வைப்பாள் என்று தெரிந்த தமிழ் போதும். 2013 டிசம்பரில் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை உருவாக்கினார்களே, பாலக்காட்டுத் தமிழர்களுக்குத் தங்கள் மொழியில் மேய்ப்புப்பணி வேண்டும் என்ற நெடுநாள் ஏக்கம் அப்போது எவ்வளவு நம்பிக்கையாக மாறியது! மொழிக்காக அவ்வளவு ஏங்கியவர்கள், அந்த மொழியில் எட்டே நிமிடம் பேசினால் போதும் என்று எழுதிக் கொடுப்பதா?

நான் கண்ணால் பார்த்த ஒரு மறையுரையைச் சொல்கிறேன். எங்கே, யார் என்பது வேண்டாம். மத்தேயு 20, திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள். அந்தச் சாமி முந்தின வாரம் இரண்டு லயங்களில் வீடு வீடாகப் போயிருந்தார். தெனாரியம் ஒரு நாள் கூலி என்பதில் ஆரம்பித்து நேராக எடைத் தராசுக்கு வந்துவிட்டார். ஈரத்துக்கு என்று கழிக்கிற எடை, சாக்குக்கு என்று கழிக்கிற எடை, காய்ச்சலோடு மத்தியானம் வேலைக்கு வந்தவளுக்கு விழும் அரைப்பேர் என்ற பாதிநாள் கூலி. கடைசியில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த தோட்டக்காரன்மேல் முதலில் வந்தவன் ஏன் கோபப்பட்டான், அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையா என்று அவரே கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மா, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த பெருவிரலால் சேலை முந்தானையை நிமிண்டிக்கொண்டே இருந்தவர், அந்தக் கேள்வியில் விரலை நிறுத்திவிட்டார். குழந்தை அழுததால் வெளியே போன ஒருத்தி சன்னல் பக்கம் நின்று அதைத் தோளில் தட்டியபடி உள்ளே காது கொடுத்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். வெளியே வந்தபோது, நீளம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்கவில்லை. கூலியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே ஜீப் ஏறினார்கள். எட்டாவது நிமிடம் மணியடித்திருந்தால் சாமி தெனாரியத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் நண்பர் யோசிக்கட்டும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரை மூடியது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு இந்த மலையில் ஒவ்வொரு ஆகஸ்டிலும், மழை இறங்கும் ஒவ்வொரு இரவிலும் மக்கள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: கடவுள் எங்கே இருந்தார்? அதற்குப் பதில் என் கையில் இல்லை, சாமியின் கையிலும் முழுசாக இல்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு வருகிறவர்களோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நடக்கவாவது நேரம் வேண்டாமா? எட்டு நிமிடத்தில் ஆறுதல் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர், ஆறுதலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம் என்றுதான் நினைக்கிறார்.

வளவளவென்று பேசுகிறவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. கோயில் வரவு செலவு, போன வாரத்துக் கோபம், சொந்த ஊர்ப் பெருமை இவற்றை மறையுரையில் கலந்து முக்கால் மணி நேரம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களை நேருக்கு நேர் சொல்லித் திருத்த வேண்டும். சொல்லப் பயந்துகொண்டு எல்லோர் வாயிலும் ஒரே அளவுப் பூட்டைப் போடுவது கோழைத்தனம். என்னைக் கேட்டால் ஞாயிறு மறையுரைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் வேண்டும். நற்செய்தியைத் திறக்க, அதை லயத்துக்குள் கொண்டுவர, கேட்டவள் வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு வேலையைக் கொடுக்க அவ்வளவு தேவைப்படுகிறது. விஷயம் இல்லாத ஞாயிற்றில் ஐந்து நிமிடத்தில் முடிக்கட்டும், ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை.

பேரவைக் கூட்டத்துக்கு வருகிறேன். கையெழுத்துத் தாளில் உள்ள பெயர்களை அங்கே உரக்க வாசிக்கச் சொல்வேன். கடைக்காரர்கள், ஆசிரியர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் தவிர, கூடை சுமக்கிற ஒரு பெண்ணின் பெயராவது அதில் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால், அடுத்த ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்ததும் அவர்களை அப்படியே உட்காரவைத்து, சாமி எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்று நண்பர் தாமே எழுந்து கேட்கட்டும். அவர்கள் சொல்வதை ஒன்றுவிடாமல் பேரவைக் குறிப்பேட்டில் எழுதட்டும்.